எஸ்தோனியா போன்ற சின்ன நாட்டில் பிரசல்ஸுக்கான நிலைப்பாட்டை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி – குறிஞ்சிக்கிளை

பிரசல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஒரு சட்ட முன்வரைவை வெளியிடுகிறது. எஸ்தோனிய அமைச்சர் பிரசல்ஸில் அதைப் பற்றிப் பேசும் நாள் வரை தலைநகர் தாலினில் அந்தக் கோப்பு யார் யார் கைக்குப் போகிறது? பொறுப்பு வெளியுறவு அமைச்சகத்திடமா, பிரதமரிடமா? நாடாளுமன்றத்துக்கு இதில் அதிகாரம் உண்டா, தகவல் மட்டும்தானா? எந்த இடத்தில் சிக்கும் என்பதையும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் – வடகடல்

வெளியுறவு அமைச்சகம் இல்லை. ஒருங்கிணைப்பு, பிரதமருக்குத் துணையாக இயங்கும் அரசு அலுவலகத்தின் ஐரோப்பிய ஒன்றியச் செயலகத்திடம் இருக்கிறது. ஆனால் செயலகம் நிலைப்பாட்டை எழுதாது. துறைக்குரிய அமைச்சகம்தான் எழுதும். மற்ற அமைச்சகங்கள், தொழில் அமைப்புகள், தொழிற்சங்கங்கள் எல்லோரிடமும் கருத்து கேட்பதும் அந்த அமைச்சகத்தின் வேலையே. வரைவு பிறகு ஒருங்கிணைப்புக் குழுவுக்கு வரும். எல்லா அமைச்சகங்களின் ஐரோப்பிய விவகாரப் பொறுப்பாளர்களும் அதில் உண்டு. துறைகளுக்குள் உள்ள இழுபறி அங்கேயே தீர வேண்டும். தீராதது மட்டும்தான் அமைச்சர்களிடம் போகும்.

வியாழக்கிழமை அமைச்சரவை ஒப்புதல் தரும். ரீகிகோகுவின், அதாவது நாடாளுமன்றத்தின், ஐரோப்பிய விவகாரக் குழு வாரத்தில் திங்கள், வெள்ளி கூடும். உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அமரும் ஐரோப்பிய ஒன்றியப் பேரவையின் கூட்டத்துக்குப் போகும் அமைச்சர் முன்கூட்டியே அங்கே வந்து விளக்க வேண்டும். குழு சொல்வதை அரசு பின்பற்ற வேண்டும். முடியாமல் போனால் காரணத்தைக் குழுவிடம் சொல்லியாக வேண்டும். தகவலுக்கு மேலான அதிகாரம் இது.

பதில் – பணிக்குழுப் பார்வையாளர்

வடகடல் சொன்ன வரிசை சரி. ஆனால் அதை மட்டும் படித்தால் வெள்ளிக்கிழமைக் குழுவோடு எல்லாம் முடிவாகிவிடுவது போலத் தோன்றும். சட்டத்தின் பெரும்பகுதி அமைச்சர்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே, நாடுகளின் அதிகாரிகள் அமரும் பேரவையின் பணிக்குழுக்களில் வடிவம் பெற்றுவிடும். அதற்கு மேலே கோரெப்பர் எனும் நிரந்தரப் பிரதிநிதிகள் குழு. அங்கே தீர்ந்ததை அமைச்சர்கள் பெரும்பாலும் விவாதமின்றியே நிறைவேற்றுவார்கள்.

சின்ன நாடு இதை ஏன் கவனிக்க வேண்டும் என்பதற்குக் கணக்கே சாட்சி. பேரவையில் பெரும்பாலான சட்டங்கள் நிறைவேறத் தேவையான தகுதிப் பெரும்பான்மைக்கு 27-ல் 15 நாடுகளும் 65% மக்கள்தொகையும் வேண்டும். தடுக்க வேண்டுமானால் குறைந்தது 4 நாடுகள், 35%-க்கு மேல் மக்கள்தொகை. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் சேர்ந்தால் 1.5% கூட இல்லை. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, போலந்து, ஜெர்மனி எல்லாம் கூட நின்றாலும் சுமார் 33%தான். இப்படி முடிவாகும் கோப்புகளில் வாக்கை நம்பி எஸ்தோனியா எதையும் தடுக்க முடியாது. முதல் பணிக்குழுக் கூட்டத்திலேயே மாற்று வாசகத்தை எழுதிக் கொடுப்பதுதான் வழி. அமைச்சரவை ஒப்புதலுக்காகக் காத்திருந்து வாயை மூடி உட்கார்ந்தால், ஒப்புதல் வரும்போது வாசகம் உறைந்திருக்கும்.

அடுத்த சிக்கல் பிரசல்ஸுக்குப் போகும் அறிவுறுத்தல். "பொதுவாக ஆதரிக்கிறோம், ஆனால் கூடுதல் ஆய்வு தேவை" என்று வந்தால் அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. பயன்படும் அறிவுறுத்தலில் எந்தப் பிரிவு, நாங்கள் கேட்கும் வாசகம், அது கிடைக்காவிட்டால் ஏற்கக்கூடிய இரண்டாவது வாசகம், எதை ஒருபோதும் ஏற்க மாட்டோம், யார் கூட்டு என்று எல்லாம் இருக்கும். ஆணையம், பேரவை, ஐரோப்பிய நாடாளுமன்றம் மூன்றும் நடத்தும் முத்தரப்புப் பேச்சில் நாடாளுமன்றம் ஒரே இரவில் புதிய வாசகத்தோடு வரலாம்; இரண்டாவது வாசகம் கையில் இல்லையென்றால் தாலினிலிருந்து பதில் வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஒரே அதிகாரி பல பணிக்குழுக்களுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் எல்லாக் கோப்பிலும் கருத்துச் சொல்ல முயல்வதே தவறு. முக்கியமான சிலதைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றில் ஒத்த கருத்துள்ள நாட்டின் வாசகத்தை ஆதரித்துவிட்டு நகர வேண்டும்.

பதில் – கோபன்ஹேகன் வாசகர்

ஒப்பிட டென்மார்க்கைப் பாருங்கள். 1973 முதலே அங்கே அமைச்சர் முக்கியக் கோப்புகளுக்கு நாடாளுமன்றக் குழுவிடம் பேச்சு ஆணை, அதாவது எந்த நிலைப்பாட்டோடு பேசலாம் என்ற அனுமதி, வாங்கிக்கொண்டுதான் பிரசல்ஸ் போவார். குழுவில் 17 பேர். பெரும்பான்மை எதிர்க்கவில்லை என்றால் ஆணை கிடைத்ததாகப் பொருள். சிறுபான்மை அரசுகள் வழக்கமாக இருக்கும் நாட்டில் இது பாதுகாப்பு. வீட்டில் தோற்கப்போகும் உடன்பாட்டில் அமைச்சர் கையெழுத்திட மாட்டார். விலையும் உண்டு: ஆணை இறுகிப்போனால் கடைசி நேரப் பேரத்தில் அவருக்கு நகர இடமிருக்காது. எஸ்தோனிய முறை இந்த விஷயத்தில் கொஞ்சம் தளர்வானது. அந்தத் தளர்வு நல்லதுதான் என்பேன்.

குறிஞ்சிக்கிளை

நன்றி. முன்வரைவை ஆட்சேபிக்க நாடுகளின் நாடாளுமன்றங்களுக்கு 8 வாரம் என்கிறார்களே, அதுவும் இதில் சேர்ந்ததா?

வடகடல்

அது தனிப் பாதை. "இதை நாடுகளே செய்துகொள்ளலாம், ஒன்றியம் வேண்டாம்" என்ற ஆட்சேபத்துக்கு மட்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் 2 வாக்கு. ரீகிகோகு ஒரே அவை என்பதால் இரண்டும் அதற்கே. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வாக்கு சேர்ந்தால் ஆணையம் மறுபரிசீலனை செய்ய வேண்டும், கைவிட வேண்டிய கட்டாயமில்லை. 2016-ல் வேறு நாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளர்கள் பற்றிய முன்வரைவுக்கு எஸ்தோனியா உட்பட 11 நாடுகளின் நாடாளுமன்றங்கள் ஆட்சேபித்தன. ஆணையம் அப்படியே வைத்துக்கொண்டது. 2018-ல் திருத்தங்களோடு நிறைவேறியது. நிலைப்பாட்டுக் கோப்பை இதற்காக நிறுத்தி வைக்காதீர்கள். இரண்டும் இணையாகவே ஓட வேண்டும்.