பூச்சி வைரசு மனிதக் கலத்துக்குள் நுழையுமாம்!

உவர்மலையான்:
நிலாவெளித் தம்பி ஒருவர் வெங்காயப் புழுவுக்கு வைரசு மருந்து அடிக்கலாமா என்று பக்கத்துத் திரியில் கேட்டிருந்தார். அதற்கு வெள்ளைமணல் என்ற பெரிய விஞ்ஞானி, "அது மனிதக் கலத்துக்குள்ளும் நுழையும், யோசித்து அடியுங்கள்" என்று எழுதிப் போட்டிருக்கிறார். வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த மருந்தில் இருக்கும் என்.பி.வி, புழுக்களைத் தாக்கும் பகுலோ வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்தது. பொலிஹெட்ரின் என்ற புரதப் பளிங்குக்குள் பத்திரமாக இருக்கும். புழு இலையோடு சேர்த்துத் தின்ன வேண்டும். பிறகு அதன் நடுக்குடலில் பி.எச் 10 அளவிலுள்ள கடுங்காரத்தில்தான் பளிங்கு கரையும். நமது இரைப்பையில் இருப்பது அமிலம். வெங்காயத்தைத் தின்னும் ஸ்பொடொப்டெரா எக்சிகுவா என்ற புழுவுக்கு உரிய வைரசு, பக்கத்து மிளகாயில் இருக்கும் வேறு இனப் புழுவைக்கூட ஒன்றும் செய்யாது. மனிதனுக்குள் எப்படி நுழையும்? நுழையாது.

வெள்ளைமணல்:
வணக்கம் சேர். மனித ஈரல் கலங்களுக்குள் பகுலோ வைரசு நுழைவதை 1995 இலேயே காட்டிவிட்டார்கள். நுழைந்து கலத்தின் கரு வரைக்கும் போகிறது. பாலூட்டிக் கலங்களுக்குள் பரம்பரையலகைக் கொண்டுபோகும் பக்மாம் முறையே அதை வைத்து வந்ததுதான். நோய் வரும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. நுழையும் என்றேன். நுழையும்.

நிலாவெளி_வெங்காயம்:
அண்ணைமார், கேட்டது நான்தான். இன்றைக்கும் ஒரு தாளைப் பிய்த்துப் பார்த்தேன். புழு குழாய்க்குள் இறங்கி உள்பக்கத்தைச் சுரண்டி, வெளித்தோலைக் கண்ணாடி மாதிரி விட்டிருக்கிறது. உள்ளே முழுக்க எச்சம். இதற்கு எந்த நேரம் அடிப்பது? பனங்கட்டி கலக்கச் சொல்லித் தமிழ்நாட்டு வீடியோவில் சொல்கிறார்கள், கலக்கலாமா?

உவர்மலையான்:
தம்பி, கொஞ்சம் பொறும், முதலில் இதை முடிக்கிறேன். வெள்ளைமணல், அது ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலம். தட்டில் ஊற்றினால் எதுவும் எதற்குள்ளும் போகும். மனித இரத்தத்தில் கிருமிகளைத் தாக்குவதற்கென்று இருக்கும் கொம்பிளிமென்ட் புரதங்களே அந்த வைரசை அழித்துவிடும் என்பதையும் அதே ஆட்கள்தான் பிறகு எழுதினார்கள். நீர் பாதிப் பக்கம் வாசிக்கிற பழக்கத்தை இன்னும் விடவில்லை போலிருக்கிறது. நுழையாது.

வெள்ளைமணல்:
அழிப்பதற்கு முன் என்ன செய்தது சேர்? நுழைந்தது.

தம்பலகாமம்_தம்பி:
இரண்டு பேரும் இரண்டு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். வயலில் அடிப்பது பளிங்குக்குள் இருக்கும் வடிவம். ஈரல் கலத்துக்குள் போனது, புழுவின் உடம்புக்குள் கலத்துக்குக் கலம் பரவும் மற்ற வடிவம். அதன் மேலுறையில் ஜிபி64 என்ற புரதம் உண்டு, பளிங்குக்குள் இருப்பதில் அது இல்லை. எதை 'வைரசு' என்கிறோம், எதை 'நுழைவது' என்கிறோம் என்று முதலில் தீர்மானித்தால்...

உவர்மலையான்:
தம்பலகாமம், தீர்மானிக்க என்ன இருக்கிறது? நுழையாது என்றால் நுழையாது.

வெள்ளைமணல்:
தம்பி சொன்ன ஜிபி64 ஐப் பாருங்கள் சேர். அதை வைத்துத்தான் நுழைகிறது. உங்கள் வாயாலே சொல்லாவிட்டாலும் உங்கள் பக்கத்து ஆளே சொல்லிவிட்டார்.

தம்பலகாமம்_தம்பி:
நான் யார் பக்கமும் இல்லை.

கிண்ணியாப்_பாலம்:
எங்கள் தென்னையில் குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டுக்கும் இதே என்.பி.வி தானே? மலாயாவில் கண்டுபிடித்தது என்று கேள்வி.

உவர்மலையான்:
அது என்.பி.வி அல்ல நானா. 1963 இல் ஹூகர் என்பவர் மலாயாவில் கண்டுபிடித்தார், 1967 இல் சமோவாவில் விட்டார்கள். இப்போது நூடிவைரசு என்று தனியாக வைத்திருக்கிறார்கள். மருந்து மாதிரித் தெளிக்கிற வேலை இல்லை. நோய் பிடித்த வண்டைப் பறக்கவிட்டால், அதுவே எருக்கும்பியிலும் தென்னந்தலையிலும் மற்ற வண்டுகளுக்குப் பரப்பும். பளிங்குச் சட்டை இல்லாததால் வெளியில் அதிக நாள் தாங்காது. வகுப்பில் இதை நான் படம் கீறியே காட்டியிருக்கிறேன். சிலர் பின் வாங்கில் நித்திரை.

வெள்ளைமணல்:
பசிபிக் தீவான குவாமில் 2007 இல் வந்த காண்டாமிருக வண்டு வகைக்கு அந்த வைரசு வேலை செய்யவில்லை என்பதையும் படம் கீறிக் காட்டினீர்களா? பின் வாங்குக்கு விசிறி இல்லை சேர், அதுதான் நித்திரை. காசு மட்டும் முன் வாங்குக்காரனுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

உவர்மலையான்:
ரியூசன் காசைப் பற்றிப் பேச வேண்டாம். மூன்று மாதக் காசு பாக்கி வைத்தவர்கள் யார் என்று என் கொப்பியில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன், வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்பதால். 1983 இல் டெக்சாசில் சமர்ஸும் சிமித்தும் பொலிஹெட்ரின் பரம்பரையலகு இருந்த இடத்தில் இன்டர்பெரோன் என்ற மனிதப் புரதத்தின் பரம்பரையலகைச் செருகி, பூச்சிக் கலத்திலேயே அந்தப் புரதத்தைச் செய்வித்தார்கள். பொலிஹெட்ரினை அந்த வைரசு குவியல் குவியலாகச் செய்யும். கலம் தட்டில் வளரும்போது அது தேவையும் இல்லை. அதனால் அந்த இடத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அந்த வழியில்தான் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சேர்வரிக்ஸ் தடுப்பூசி வந்தது, 2013 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளூபிளொக் என்ற இன்புளுவென்சாத் தடுப்பூசியும் வந்தது. நீர் சொல்வதுபோல் மனிதனுக்குள் நுழைகிற சாமானாக இருந்தால் இதெல்லாம் நடக்குமா?

வெள்ளைமணல்:
தடுப்பூசிக்குள் இருப்பது வடித்தெடுத்த புரதம், உயிருள்ள வைரசு அல்ல. அதற்கும் நுழைவதற்கும் என்ன சம்பந்தம்? கன்னியா வெந்நீரூற்றுத் திரியிலும் இதே வித்தைதான் காட்டினீர்கள். கேட்டது ஒன்று, ஒப்பித்தது ஒன்று.

உவர்மலையான்:
கன்னியாவில் ஏழு கிணற்றுக்கும் ஒரே சூடு என்று எழுதியவர் யார்? நானா?

நிலாவெளி_வெங்காயம்:
ஐயாமார், பனங்கட்டி?

கிண்ணியாப்_பாலம்:
தம்பி, நான் சொல்கிறேன். வெயில் பட்டால் இந்த வைரசு கெட்டுப்போகும், பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். பனங்கட்டி கலந்தால் புழு இழுத்துத் தின்னும். ஆனால் குழாய்க்குள் போன புழுவுக்கு அடித்துப் பயனில்லை. முட்டை பொரித்த குஞ்சு வெளித்தோலில் இருக்கும்போதே அடிக்க வேண்டும். அடித்தவுடன் விழாது, சாக நாலைந்து நாள் எடுக்கும். பிறகு தாள் நுனியில் தலைகீழாகத் தொங்கி, தோல் கிழிந்து நீராக ஒழுகும். கைத்தினேஸ், கதெப்சின் என்று இரண்டு நொதியம் அந்த வேலையைச் செய்கிறது. ஒழுகுவது கீழ் இலையில் பட்டு அடுத்த புழுவுக்குப் போகும்.

நிலாவெளி_வெங்காயம்:
நாலைந்து நாளா? அதுவரைக்கும் பாத்தியில் என்ன மிஞ்சும் நானா?

உவர்மலையான்:
கிண்ணியா சொன்னது சரிதான், நான் முன்பே எழுத இருந்தேன். வெள்ளைமணல் இன்னும் பதில் தரவில்லை. புழு மருந்து அடித்த ஒரு கமக்காரனுக்காவது அது நுழைந்ததா? ஒருவரைக் காட்டும்.

வெள்ளைமணல்:
நான் சொன்னது கலம், நீங்கள் கேட்பது கமக்காரன். 1995 ஐப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், பிறகு பார்ப்போம்.

உவர்மலையான்:
1995 இல் நீர் பிறக்கவே இல்லை. நான் அப்போதே உயர்தரத்துக்கு இதைப் படிப்பித்தேன். என்னிடம் வாங்கிக்கொண்டு போன விலங்கியல் குறிப்புக் கொப்பியை முதலில் திருப்பித் தாரும்.

வெள்ளைமணல்:
அது நான் எழுதிய கொப்பி சேர். நீங்கள்தான் போட்டோக் கொப்பி அடித்து அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு விற்றீர்கள்.