அத்தைக்கு லேஸ் இல்லாத வாக்கிங் ஷூ: குதிகால் நழுவாமல் எப்படிப் பார்த்து வாங்குவது?

கோபி மருமகள்:
வணக்கம்ங்க. என் அத்தைக்கு 62 வயது. தினமும் காலையில் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் ஒரு மணி நேரம் நடப்பார். இத்தனை வருடமும் ரப்பர் செருப்புதான். போன மழையில் கரையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார், நல்லவேளை எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் வலியால் குனிந்து லேஸ் கட்ட முடியாது. வெல்க்ரோ வைத்தது வாங்கிக் கொடுத்தேன், சேலை ஓரம் அதில் ஒட்டிக்கொண்டு ஃபால்ஸ் நூல் பிரிந்துவிட்டது. அப்புறம் ஆன்லைனில், காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி ஒன்றை, தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு நம்பர் கூட்டி வாங்கினேன். இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம். வழியில் பிள்ளையார் கோயிலில் கழற்றிவிட்டு உள்ளே போய் வருவார், அதனால் சட்டென்று மாட்டிக் கழற்ற வேண்டும். சர்க்கரையும் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்கோணும்னு சொல்லுங்க.

ரேஸ்கோர்ஸ் நடை:
நம்பர் கூட்டியதுதான் தப்புங்க. லேஸ் ஷூ லூசாக இருந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம், இதில் அந்த வழியே இல்லை, ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலே வந்து உரசும். நான் கோவை ரேஸ்கோர்ஸில் நான்கு வருடமாக லேஸ் இல்லாததில்தான் நடக்கிறேன். அடியில் மெத்தென்று இருக்கிற ஃபோம் வாங்குங்கள், முழங்காலுக்கு இதமாக இருக்கும்.

ஈரோடு செருப்புக்கடை:
பதினெட்டு வருடம் கடையில் நின்றவன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெத்தென்ற ஃபோம் நடைபாதைக்குச் சரி. வாய்க்கால் கரை மண்ணும் சரளையும். அங்கே அமுங்குகிற அடியில் பாதம் பக்கவாட்டில் ஆடும், கல்லும் குத்தும். ஷூவைக் கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள், விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். துணி பிழிகிற மாதிரி முறுக்கினாலும் லேசில் முறுகக் கூடாது. அடியில் ஆழமான வரி வேண்டும்.

அதைவிட முக்கியம் பின்பக்கம். கட்டைவிரலால் அழுத்துங்கள், விறைப்பாக நிற்க வேண்டும். அது தொளதொள என்றிருந்தால் அவசரத்துக்கு மிதித்து மிதித்துப் பத்தே நாளில் செருப்பாக்கிவிடுவார்கள். இப்போது பின்பக்கம் அழுத்தினால் தானாகவே நிமிர்கிற மாதிரியும் வருகிறது, குனிய முடியாதவர்களுக்கு அது நல்லது, விலைதான் கூடுதல். மேலே எலாஸ்டிக் இருபக்கமும் இருக்கிறதா பாருங்கள்.

அளவு: சாயங்காலம் கூட்டிக்கொண்டு போங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். வீட்டிலேயே காகிதத்தில் நிற்க வைத்து இரண்டு காலையும் வரைந்து கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒரு கால் நீளமாக இருக்கும், அதற்குத்தான் வாங்க வேண்டும். இங்கே விற்கிற யூகே நம்பரில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம், அதனால்தான் ஒன்று கூட்டினாலே அவ்வளவு லூசாகிறது. முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டால் போதும். உள்ளே இருக்கும் மெத்தையை உருவிக் கீழே போட்டு அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள், பாதம் ஓரத்தில் வழிந்தால் அகலம் பத்தாது.

கரூர் பாட்டி:
கண்ணு, சர்க்கரை இருக்கிறவங்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஷூவுக்குள் கிடந்த ஒரு வேப்பங்கொட்டையோடு முழு நடையும் நடந்துவிட்டு வந்தார், கழற்றும்போது சாக்ஸ் எல்லாம் ரத்தம். அவருக்கு வலியே தெரியவில்லை. போடும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லு. பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று நைலான் நூலால் தொட்டுப் பார்ப்பார்கள், டாக்டரிடம் கேட்டு அதைச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் ஷூவையும் டாக்டரைக் கேட்டே வாங்கு. இப்போதுள்ள கொப்புளம் முழுதும் ஆறட்டும், அதுவரை நடையே வேண்டாம். புது ஷூவை முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே கால் மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள்.

கோபி மருமகள்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்போதுதான் காலண்டர் தாளின் பின்பக்கம் அத்தையின் காலை வரைந்தேன். இடது கால் அரை சென்டிமீட்டர் நீளம், எங்கள் இருவருக்குமே இத்தனை நாள் தெரியாது. கொப்புளம் ஆறும்வரை நடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை டாக்டரிடம் போய்விட்டு, ஆறியதும் ஒரு சாயங்காலம் ஈரோட்டுக்குக் கூட்டிப் போகிறேன், சாக்ஸும் கையோடு எடுத்துக்கொண்டு.