நிகோட்டியானா பூத்துவிட்டது, ஆனால் வாசமே இல்லை

எண்ணூர்க்காற்று, திருவொற்றியூர்:

எல்லோருக்கும் வணக்கம். மணலியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு நிரந்தரமாக இரண்டாம் ஷிஃப்ட். வீடு வந்து சேர இரவு பதினொன்று ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் அரை மணி நேரம் உட்காருவேன். என் தோட்டத்தோடு எனக்குக் கிடைப்பது அந்த நேரம் மட்டும்தான். செம்பருத்தி சுருங்கிக் கிடக்கும், அந்திமந்தாரைதான் துணை. அதனால் ராத்திரியில் மணக்கும் செடிகளாகச் சேர்த்து வருகிறேன். நிகோட்டியானா என்கிற அலங்காரப் புகையிலை இரவில் மல்லிகை போல மணக்கும் என்று படித்ததும் ஆசை வந்துவிட்டது.

முதல் பாக்கெட் விதையை அரை அங்குல மண் மூடி விதைத்தேன். ஒரு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆடியில் வேறொரு பாக்கெட் வாங்கி, இந்த முறை லேசாகத் தூவினேன். நிறைய வந்தது. இப்போது ஒரு அடி உயரத்தில் சிவப்பும் ரோஸுமாகப் பூத்திருக்கிறது. பகலிலும் விரிந்தே இருக்கிறதாம், மனைவி சொல்கிறாள். மூக்கை வைத்துப் பார்த்தாலும் வாசமே இல்லை.

வாசம் உள்ளதை எப்படிக் கண்டுபிடித்து வாங்குவது? எங்கள் போர் தண்ணீர் உப்பு, இலை ஓரம் கருகுகிறது. பக்கத்துத் தொட்டிகளில் தக்காளி, மிளகாய் இருக்கிறது. வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை வேறு. இந்தச் செடி வைக்கலாமா?

மாடிக்காரி, பெரம்பூர்:

தம்பி, நான் நான்கு வருடமாக இதை வளர்க்கிறேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் முதல் வருடம் நடந்தது.

நீங்கள் வைத்திருப்பது கலப்பினம். அலாட்டா என்ற இனம் வெள்ளைப் பூ, இரவில் மணக்கும். ஃபோர்கெட்டியானா என்ற இனம் சிவப்புப் பூ, அதை நாடி வருவது தேன்சிட்டு மாதிரி பகலில் பறக்கும் ஹம்மிங் பறவை. பறவைக்கு நிறம் போதும், வாசம் வேண்டாம். இரண்டையும் கலந்துதான் சாண்டரே என்ற வண்ண வகைகளை உண்டாக்கினார்கள். குட்டையாக, பகலிலும் விரிந்து நிற்கிற மாதிரி மேலும் மேலும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில் பல வகைகளில் வாசம் போய்விட்டது. அதனால் வாங்கும்போது பாக்கெட்டில் உள்ள படத்தைப் பார்க்காதீர்கள். 'நிகோட்டியானா அலாட்டா', வெள்ளைப் பூ, மூன்று அடிக்கு மேல் வளரும் என்று இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் 'சில்வெஸ்ட்ரிஸ்'. அது ஆள் உயரத்துக்கு வரும், இலை முறம் மாதிரி இருக்கும், உச்சியில் நீள நீளமான வெள்ளைக் குழல் பூக்கள் கொத்தாகத் தொங்கும். வாசத்தில் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் உங்கள் பக்கம் கடல்காற்று அதிகம். மாடியில் சில்வெஸ்ட்ரிஸ் வைத்தால் மூங்கில் குச்சி கட்டாமல் நிற்காது. முதலில் அலாட்டா வையுங்கள், பன்னிரண்டு அங்குலத் தொட்டி போதும்.

விதை கசகசாவைவிடச் சிறியது, முளைக்க வெளிச்சம் வேண்டும். முதல் பாக்கெட் வராததற்கு மண் மூடியதுதான் காரணம். தேங்காய்நார்க் கழிவையும் சலித்த மண்புழு உரத்தையும் சமமாகக் கலந்து, நன்றாக நனைத்துவிட்டு, விதையை உலர்ந்த மணலோடு சேர்த்து மேலாகத் தூவுங்கள். அழுத்தவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். பூவாளியில் ஊற்றினால் விதை ஓடிவிடும். தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். எனக்குப் பத்து நாளில் பச்சைப் புள்ளிகள் மாதிரி வரும். அப்புறம் ஒரு மாதம் வளரவே இல்லை என்று தோன்றும், பொறுமை வேண்டும். இப்போது ஐப்பசி மழை அடிக்கிறது. நாற்றுகள் அழுகிப் போகும். பெருமழை ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் மாசியில் பூ வரும், கத்திரி வெயில் தொடங்கும் வரை பார்க்கலாம்.

போர் தண்ணீரை இதற்கு ஊற்றாதீர்கள். மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் ஒரு டிரம் பிடித்து வையுங்கள். மழைநீர் கிடைத்தால் தொட்டியில் அடியில் வழியும் வரை ஊற்றி, சேர்ந்திருக்கும் உப்பைக் கழுவி விடுங்கள்.

குழந்தை விஷயம்தான் முக்கியம். இந்தச் செடியில் எல்லாப் பாகத்திலும் நிகோட்டின் இருக்கிறது, எல்லாமே விஷம். போன வருடம் என் மாமியார் ஏதோ கீரை என்று நினைத்து ஒரு கை இலை பறித்து முறத்தில் போட்டுவிட்டார். இலை பிசுபிசுவென்று கையில் ஒட்டியதால் என்னிடம் கேட்டார், அதனால் தப்பித்தோம். அன்றிலிருந்து கீரைத் தொட்டிகளை மாடியின் மறு மூலைக்கு மாற்றிவிட்டேன். உங்கள் பெண்ணுக்கு எட்டாத திட்டில் வையுங்கள். அவள் தனியாக மாடிக்கு வருவாள் என்றால், இன்னும் இரண்டு வருடம் நிலசம்பங்கியோடு இருங்கள். அதுவும் ராத்திரியில் அருமையாக மணக்கும்.

கொண்டல், வியாசர்பாடி:

நான் பிறந்தது வேதாரண்யம் பக்கம். அங்கே மெல்லும் புகையிலை போடுவார்கள். பூ வந்தால் இலை கனக்காது என்று மொட்டிலேயே தலையைக் கிள்ளிவிடுவோம். அதனால் புகையிலைப் பூவை முழுதாக விரிந்து நான் பார்த்ததே சென்னைக்கு வந்த பிறகுதான். நீங்கள் பூவுக்காக வளர்ப்பதைப் படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. அக்கா சொன்ன சில்வெஸ்ட்ரிஸ், வயலில் போடும் புகையிலைக்குத் தாய்வழி. தென் அமெரிக்காவில் அதுவும் இன்னொரு காட்டு இனமும் தானாகக் கலந்து உண்டானதுதான் நம் புகையிலை.

ஒரு எச்சரிக்கை. பனியிலோ மழையிலோ நனைந்த இலையை வெறும் கையால் நிறையத் தொட்டால் நிகோட்டின் தோல் வழியாக இறங்கும். தலைசுற்றலும் வாந்தியும் வரும், எங்கள் ஊரில் இலை ஒடிப்பவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஒன்றிரண்டு செடிக்கு அந்த அளவு வராது, இருந்தாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் இதே குடும்பம். தேமல் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும், கை வழியாகவே பரவும். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு தெரிந்தால் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், மருந்து கிடையாது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் செடியைத் தொடக் கூடாது. அந்தக் கிருமி காய்ந்த புகையிலையிலும் உயிரோடு இருக்கும்.

எண்ணூர்க்காற்று, திருவொற்றியூர்:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மாடிக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் போடப்போகிறேன், நான் இருக்கும்போது மட்டும் திறப்போம். தக்காளியைப் படிக்கட்டு ஓரத்துக்கு மாற்றிவிடுகிறேன். ஒரு சந்தேகம்: இப்போதுள்ள செடிகளில் இலையெல்லாம் ஓட்டை, பகலில் தேடினால் புழுவே கண்ணில் படவில்லை.

மாடிக்காரி, பெரம்பூர்:

அது புகையிலை வெட்டுப்புழுவாக இருக்கும் தம்பி. பகலில் மண்ணில் ஒளிந்துகொண்டு ராத்திரியில் மேயும். நீங்கள் மாடிக்குப் போகும் நேரம்தான் அதற்குச் சாப்பாட்டு நேரம். டார்ச் அடித்து இலையின் அடிப்பக்கம் பாருங்கள், பொறுக்கி எடுத்தாலே போதும். முட்டைக் குவியல் பழுப்பு நிறப் பஞ்சு போல் ஒட்டியிருந்தால் அந்த இலையோடு கிள்ளி விடுங்கள்.

அலாட்டா பூத்ததும் அதே டார்ச்சை அணைத்துவிட்டு அசையாமல் உட்காருங்கள். உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய அந்துப்பூச்சி ஒன்று பூ முன்னால் அந்தரத்தில் நின்று, சுருட்டி வைத்த நீள உறிஞ்சியை நீட்டித் தேன் குடிக்கும். இறக்கைச் சத்தம் காதில் கேட்கும். அதன் புழு சக்கரவள்ளி, அடும்பு இனத்துக் கொடிகளில் வளர்வது, உங்கள் கடற்கரைப் பக்கம் அடும்புக்குக் குறைவில்லை. அதற்காகவே பூச்சிமருந்து எதுவும் அடிக்காதீர்கள்.

இன்னொன்று, இரண்டு செடியாவது வையுங்கள். அலாட்டா தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, ஒற்றைச் செடியில் விதை பிடிக்காது. முதல் வருடம் எனக்கு அது தெரியாமல் ஒரே ஒரு செடி வைத்து, காய் வரும் வரும் என்று சித்திரை வரை காத்திருந்தேன். இப்போது என்னிடம் விதை நிறைய இருக்கிறது, கார்த்திகைக்கு முன்னால் சொல்லுங்கள், தபாலில் அனுப்புகிறேன்.