ரேண்டம் வாக் கணக்கும் நாமும்: உங்கள் அனுபவம் என்ன?

ஜாம் (முதுநிலை அறிவியல் நுழைவு) தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் நிகழ்தகவு எடுக்கிறேன். ரேண்டம் வாக் (ஒவ்வொரு அடியும் எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யும் நடை) என்றாலே முதலில் கிளைப்படம் போட ஆரம்பித்துவிடுவார்கள். 10 அடிக்குள் 1,024 கிளை. தாள் தீரும், கணக்கு தீராது.

கையில் 3 ரூபாய். நாணயத்தில் தலை விழுந்தால் ஒரு ரூபாய் வரும், பூ விழுந்தால் ஒன்று போகும். 10 சேர்ந்தாலும் காலியானாலும் ஆட்டம் முடிந்தது. 10 சேரும் வாய்ப்பு என்ன? பாதைகளை எண்ணவே வேண்டாம், முதல் சுண்டலோடு நிறுத்துங்கள் என்பேன். கையில் 'க' ரூபாய் இருக்கும்போது வெல்லும் வாய்ப்பு ப(க) என்றால், ப(க) அக்கம்பக்கத்து இரண்டின், அதாவது ப(க − 1), ப(க + 1) இரண்டின், சராசரி. அப்படியானால் அது நேர்கோடு; ப(0) = 0, ப(10) = 1. விடை 3/10. ஆட்டம் சராசரியாக 3 × 7 = 21 சுண்டல் போகும், அதுவும் இதே வழியில் வரும்.

அப்புறம் தொடர் சமவாய்ப்பு மாறி, அதாவது ஓர் இடைவெளிக்குள் எந்த மதிப்பும் வரக்கூடியது. 0 முதல் 1 வரை சீராகப் பரவிய எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டுகிறோம். கூட்டுத்தொகை 1ஐத் தாண்ட சராசரியாக எத்தனை எண் வேண்டும்? வகுப்பே அடர்த்திச் சார்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், இங்கயும் முதல் எண்ணோட நிறுத்திட்டா?"

பலகைக்கே வரச் சொன்னேன். 'அ'வைத் தாண்ட (அ 1க்கு மிகாமல்) வேண்டிய சராசரியை ம(அ) என்று எழுதினாள். முதல் எண்ணுக்கு எப்படியும் ஒன்று செலவு. அது 'அ'வை விடச் சிறிய 'உ' ஆக இருந்தால், இன்னும் தாண்ட வேண்டியது அ − உ. ஆக ம(அ) என்பது 1 உடன், 0 முதல் அ வரை ம-வின் தொகையீடு. வகையிட்டால் ம′ = ம, ம(0) = 1. அடுக்குச் சார்பு! அ = 1 என்றால் ஆய்லர் எண் e, 2.718… நாணயக் கணக்கின் உத்தியே வந்து நின்றது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

பதில் (கல்லூரி மாணவன்):
சார், நான் பைத்தான் நிரல்மொழியில் ஓட்டிப் பார்த்தது. கோட்டில் 0இல் கிளம்பி இடமோ வலமோ நடந்தால், திரும்ப 0க்கு வர எத்தனை அடி? சராசரி ஓரிடத்தில் நிற்கவே இல்லை, ஓட்டும்போதெல்லாம் வேறு எண். நிரலில் பிழை எதுவும் இல்லை. திரும்புவது உறுதி, நிகழ்தகவு 1. ஆனால் சராசரி நேரம் முடிவிலி. பாதி நடைகள் இரண்டாம் அடியிலேயே வீடு திரும்பிவிடும். 10,000 அடி வைத்தும் திரும்பாதவை ஆயிரத்துக்குச் சுமார் எட்டு. அந்த எட்டுதான் சராசரியையே தூக்கி விழுங்குகிறது.

பதில் (ஓய்வுபெற்ற பேராசிரியர்):
தம்பி சொன்ன 'உறுதி' சமதளத்திலும் உண்டு. மூன்று பரிமாணத்தில் இல்லை, அங்கே திரும்பும் வாய்ப்பு சுமார் 0.34தான். மூன்று பரிமாணத்தில் உறுதி இல்லை என்பதை 1921இல் நிறுவியவர் கணிதர் போல்யா. சூரிச்சில் உலாவப் போனபோது தன் மாணவரையும் அவருக்கு நிச்சயமான பெண்ணையும் மறுபடி மறுபடி எதிரில் பார்த்தாராம். பின்னாலேயே வருகிறார் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் பிறந்த கேள்வி அது.

பதில் (பள்ளி ஆசிரியை):
சந்திப்பு என்றதும் என் பங்குக்கு ஒன்று. 5 முதல் 6 மணிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் இருவர் வருகிறார்கள், ஆளுக்கு 15 நிமிடம் காத்திருப்பார்கள். சந்திக்கும் வாய்ப்பு? பிள்ளைகள் உடனே தொகையிடப் போவார்கள். ஒரு பக்கம் ஒருவர் வரும் நேரம், மறுபக்கம் மற்றவர் வரும் நேரம் என்று சதுரம் வரைந்து, சந்திக்காத இரண்டு மூலை முக்கோணங்களை வெட்டி எறியச் சொல்வேன்: 1 − (3/4)² = 7/16. ஒருவர் 10 நிமிடமும் மற்றவர் 20 நிமிடமும் நின்றால் முக்கோணங்கள் சமமாக இருக்காது, 31/72 வரும். தேர்வில் வைக்க எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவதுதான்; மனப்பாடம் செய்தவர்கள் இதிலும் (3/4)² போட்டு வந்து நிற்பார்கள்.