பொருள்: ‘மனச்சிதைவு’க்கு மாற்றுச் சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்கிசோஃப்ரீனியா பற்றிக் குடும்பத்தினருக்கான 8 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பு ‘மனச்சிதைவு நோய்’. வரைவை ஓர் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, “சிதைஞ்சது திரும்பி வராதேம்மா?” என்றார். மகனுக்கு வயது 22. மருந்து உண்டு, தேறலாம் என்று உள்ளே எழுதியிருப்பதையெல்லாம் தலைப்பே அடித்துவிடுகிறது. ஜப்பானில் குடும்பத்தினர் சங்கம் கேட்டு, ‘மனம் பிளந்த நோய்’ என்ற பழைய பெயரை 2002இல் மாற்றிவிட்டார்கள். புதுப் பெயரின் பொருள் ‘ஒருங்கிணைவுக் குறைபாடு’. நாம் என்ன சொல்லலாம்?

*

அம்மா, மூலத்திலிருந்து வருவோம். 1908இல் சுவிஸ் மனநல மருத்துவர் பிளாய்லர் ஆக்கிய ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்ற சொல்லில் இருப்பது பிளவு. சிதைவு நாம் கூட்டியது. ஆனால் சிதைவு என்றால் அழிவுதான் என்பதும் இல்லை. ‘சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்’ என்கிறார் தொல்காப்பியர். வடசொல் திரிந்து வந்தாலும் பொருந்தினால் விலக்கமாட்டார்கள். அங்கே சிதைவு வெறும் திரிபு. அதே நூற்பாவிலேயே உங்களுக்கான வேரும் கிடக்கிறது: இயை. ‘மனம்’ வடசொல் என்பார்கள், எனவே உளம், இயைபின்மை இரண்டையும் சேர்த்து ‘உளவியைபின்மை’.

*

ஐயா, சேர்த்து எழுதினால் முதலில் கண்ணில் படுவது ‘உளவு’. யாரோ தன்னை உளவு பார்க்கிறார்கள் என்று இரவெல்லாம் ஜன்னலோரம் நிற்பவர் கையில் இந்தத் தாளைக் கொடுக்க எனக்கு மனம் வராது. மருத்துவராகச் சொல்கிறேன். கொரியாவில் நரம்புக் கருவிக்குச் சுருதி சேர்க்கும் பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். சுருதி கலைந்தால் திரும்பச் சேர்க்கலாம். ‘மன ஒத்திசைவுக் குறைபாடு’ சரியாக வரும்.

*

டாக்டர், உவமை அருமை. சுருதிக்கும் தமிழ் உண்டு. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் வாசிப்புக்குச் சொல்லும் எண்வகையில் முதலாவது பண்ணல். நரம்பை இறுக்கிப் பண்ணுக்கு அமைப்பது. ‘பண்ணல் பிறழ்வு’ என்றால்?

*

ஐயா, ‘சாப்பாடு பண்ணல’ என்றுதான் எங்கள் வீட்டில் கேட்கும்.

என் தம்பிக்கு 11 வருடமாக இந்த நோய். பெயர் மாற்றத்தில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்ற பெயர் போய் 1922இல் அரசு மனநல மருத்துவமனை ஆனது. உடனே ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. என்னைக் குத்துவது வேறு சொல். தம்பியின் மருத்துவச் சீட்டில் ‘மனநோயாளி உணவு மறுக்கிறான்’ என்று எழுதியிருந்தது. அந்த ‘ஆன்’ விகுதியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ‘எனக்குக் காய்ச்சல்’ என்கிறோம். நோய் நமக்கு வருகிறது, நாம் நோயாக மாறுவதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்கெனவே அந்த மரியாதையைத் தருகிறது. ‘அவருக்கு மனச்சிதைவு இருக்கிறது, சாப்பிட மறுக்கிறார்’ என்று எழுதினால் போதுமே.

*

அக்கா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையேட்டில் தேடினேன். ‘நோயாளி’ 17 இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் ‘அவருக்கு’, ‘உங்கள் மகளுக்கு’ என்று மாற்றிவிட்டேன். வாக்கியம் எங்கும் முரண்டு பிடிக்கவில்லை.

தலைப்புக்கு ‘மன ஒத்திசைவுக் குறைபாடு’ என்று 6 பேர் சொல்லியிருக்கிறீர்கள். கீழே சிறிய எழுத்தில் ‘மனச்சிதைவு என்று சொல்லப்படுவது’ என்று வரும். இல்லாவிட்டால் புது வியாதி என்று வீட்டில் பயந்துவிடுவார்கள். அச்சகத்துக்கு நாளை காலை அனுப்புகிறேன்.

*

அனுப்புங்கள் அம்மா. ‘குறைபாடு’ எனக்கு ஒப்பவில்லை. குறை என்பதும் ஒருவரைச் சுடும். ‘இயைபின்மை’யைச் சேர்த்து எழுதாமல், ‘உள இயைபின்மை’ என்று பிரித்தே போட்டிருக்கலாம். அடுத்த பதிப்புக்கு மறுபடியும் கேட்பேன்.