[கலைச்சொல்] ஸ்டேக்: அடுக்கா, அடுக்கமா, போரா?

மீண்டுவந்தவன் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். 'ஸ்டேக்' என்ற ஆட்டச் சொல்லுக்கு அவசரமாக ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய எட்டுப் பக்கக் கையேடு.

சிங்கப்பூரில் எங்கள் வட்டார நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை 'மேஜிக்: த கேதரிங்' சீட்டாட்டம் நடக்கிறது. பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை, அவர்கள் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். என்னைப்போல் தொண்ணூறுகளில் வெறியாக ஆடிவிட்டு, வேலை, கல்யாணம் என்று ஒதுங்கி, இப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காருகிற அப்பா அம்மாக்கள்தான் திணறுகிறார்கள். "இண்டரப்ட் (பழைய மந்திரச் சீட்டு வகை) எங்கே போனது?" "மிச்ச மானா (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) நம்மைச் சுடாதா?" என்று கேட்கிறார்கள். முன்னது 1999-இல் போயிற்று, பின்னது 2009-இல். 1993-இல் வந்த முதல் அச்சில் 295 சீட்டுகள்தான். இன்று தனித்தனிச் சீட்டுகள் 25,000-ஐத் தாண்டிவிட்டன. முழு விதிநூல் 200 பக்கத்துக்கும் மேல்.

அத்தனையையும் தமிழில் கொண்டுவரும் எண்ணமில்லை. ஆனால் ஸ்டேக்கை விட்டுவிட்டு ஒரு பக்கம்கூட எழுத முடியவில்லை. 1999-இல் ஆறாம் பதிப்போடு வந்த விதி இது. உதாரணத்துக்கு: நீங்கள் என் கரடிமேல் மின்னலை ஏவுகிறீர்கள். மின்னலின் சேதம் 3. கரடி 2/2, அதாவது வலு 2, தாங்குதிறன் 2. மின்னல் உடனே விழாது, நடுவில் காத்திருக்கும். நான் பதிலுக்குக் கரடிமேல் ஒரு வளர்ச்சி மந்திரம் போடுகிறேன், +3/+3. "இனி ஒன்றுமில்லை" என்று இருவரும் சொன்னதும் கடைசியாகப் போட்டது முதலில் நடக்கும். கரடி 5/5 ஆகும், அப்புறம் மின்னல் விழும், கரடி பிழைக்கும். இதையே மாற்றி, நான் முதலில் வளர்ச்சியைப் போட்டு நீங்கள் பதிலுக்கு மின்னலை ஏவினால் கரடி செத்தது. வளர்ச்சி போய்ச் சேர ஆளில்லை.

இந்தக் காத்திருக்கும் இடத்துக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்.

*

கணிப்பொறி ஆசிரியை எழுதியது:

இதற்கு ஏன் தனி இழை, தம்பி? கணினியியலில் ஸ்டேக் என்பது அடுக்கு, கியூ என்பது சாரை அல்லது வரிசை. கோவையில் என் வகுப்பில் பிள்ளைகள் 'கடைபுகு முதல்விடு' என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் ஆட்டத்தில் இருப்பதும் அதேதான், பெயரையும் அங்கிருந்துதான் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 2019-இல் வந்த ஓர் ஆய்வுக்கட்டுரை இந்தச் சீட்டாட்டத்தைக் கொண்டே டியூரிங் பொறியை, அதாவது கணினியியலில் எந்தக் கணக்கீட்டுக்கும் மாதிரியாக வைக்கும் கற்பனைப் பொறியை, அமைக்க முடியும் என்று நிறுவியது. ஆகவே, யார் வெல்வார் என்பதைக் கணக்கிட்டே சொல்லமுடியாத ஆட்டநிலை உண்டு. மேல்நிலை வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அடுக்கு. வேலை முடிந்தது.

*

செந்தமிழ்க்கோ எழுதியது:

> அடுக்கு. வேலை முடிந்தது.

முடியவில்லை, அம்மையீர். அடுக்கு என்பது இலக்கணத்தில் நிலைத்த குறியீடு. பாம்பு பாம்பு, தீ தீ தீ. நன்னூலார் இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லையும் கட்டிவிட்டார். இவர் சொல்லும் ஆட்டத்திலோ ஐந்தாவது மந்திரம், பத்தாவது மந்திரம் என்று ஏறிக்கொண்டே போகிறது. எல்லையுள்ள பெயரை எல்லையில்லாப் பொருளுக்குச் சூட்டலாமா?

மேலும் அடுக்கு என்பதில் கீழிருந்து மேலாக வைக்கும் முறை உண்டு, மேலிருந்து கீழாக எடுக்கும் முறை சொல்லப்படவில்லை. பொருளின் உயிரே அந்தத் தலைகீழ்தான். எனவே 'மீளடுக்கம்'. அடுக்கம் சங்கப் பாட்டில் மலைச்சாரலுக்கு வரும் சொல், 'மீள்' திரும்புதல். இரண்டையும் புணர்த்துக.

'சீட்டு' பற்றித் தனியே எழுதுகிறேன். 'ஏடு' இருக்க அது எதற்கு?

*

நெடுந்தீவான் எழுதியது:

மீளடுக்கம் எண்டால் எங்கட ஆக்கள் மீள்குடியேற்றம் எண்டு நினைப்பினம், ஐயா.

நான் ரொறன்ரோவில என்ர மகனோட இதே விளையாட்டை விளையாடுறன். மேசையில இருந்து கதைக்கேக்க ஸ்டேக் எண்ட சொல்லே வாயில வாறது குறைவு. "பதில் இருக்கோ?" எண்டு கேப்பன். "ஓம், இருக்கு" எண்டு அவன் ஒரு காட்டை, அதான் சீட்டை, வைப்பான். அவ்வளவுதான். கையேட்டில 'பதில்' எண்ட சொல்லை வடிவாப் போடுங்கோ, மிச்சம் தானா விளங்கும்.

இன்னொண்டு. காட்டைப் பாவிச்சதுக்கு அடையாளமாப் பக்கவாட்டில திருப்பி வைக்கிறதுக்கு, அந்த 'டேப்'புக்கு, என்ன போட்டிருக்கிறியள்? நாங்கள் 'சரிக்கிறது' எண்டு சொல்லுறம்.

*

மீண்டுவந்தவன் எழுதியது:

அண்ணா, 'சரி' என்று அச்சடித்தால் இங்கே எல்லோரும் ஓகே என்று படிப்பார்கள். 'சாய்', 'நிமிர்த்து' என்று போட்டிருக்கிறேன். "இரண்டு நிலச் சீட்டைச் சாய்த்து மந்திரத்தைப் போடு." படித்தவுடன் கை தானே போகிறது. ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு பெயரில் 1997-இல் கிடைத்த காப்புரிமையில் சீட்டை இப்படித் திருப்பிவைப்பதும் ஓர் அங்கம், அதனால் சொல்லில் கொஞ்சம் கவனம் எடுத்தேன்.

கலைத்தல் பற்றியும் கேட்கவேண்டும். சீட்டைக் கலைத்துப் போடு என்றால் உங்கள் பக்கம் துரத்துவது அல்லவா?

*

நெடுந்தீவான் எழுதியது:

நாயைத்தான் கலைக்கிறது. ஆனா சீட்டெண்டு முன்னால வந்தா ஆருக்கும் விளங்கும். விடுங்கோ.

*

தஞ்சைக் குடியானவன் எழுதியது:

நாய் என்றதும் எழுதாமல் இருக்கமுடியவில்லை. தொல்காப்பியத்தில் 'வல்' என்ற ஆட்டச் சொல்லோடு 'நாய்', 'பலகை' சேர்ந்தால் எப்படிப் புணரும் என்று தனி விதியே இருக்கிறது. வல்லநாய், வல்லப்பலகை. நாய் என்பது அங்கே ஆட்டக்காய். காய் நகர்த்துவதற்குப் புணர்ச்சி விதி வகுத்தவர் நம் ஆள். நாம் என்னடாவென்றால் ஒரு ஸ்டேக்குக்கு இத்தனை மடல்.

இனி விஷயம். புதுச்சொல்லே வேண்டாம். ஸ்டேக் என்றால் முதலில் வைக்கோல் போர்தானே? நம்மிடம் 'போர்' இருக்கிறது. இந்த ஆட்டத்தில் சீட்டுகள் இறங்கும் இடத்துக்கு 2009 முதல் போர்க்களம் என்று பெயராம். களம் என்பது நமக்கு நெல்லடிக்கும் இடமும்கூட. பழம்புலவர்கள் போர்க்களத்தை ஏர்க்களமாகவே பாடி 'மறக்களவழி' என்று துறை வகுத்தார்கள். யானை கட்டிப் போரடித்த ஊர்க்காரன் சொல்கிறேன், போரும் களமும் சேர்ந்தே கிடைக்கும்போது வேறென்ன வேண்டும்?

*

கணிப்பொறி ஆசிரியை எழுதியது:

ஐயா, ரசித்துப் படித்தேன். ஆனால் "போர் முடிந்தபின் போர்க்களத்தில் போர்" என்று கையேட்டில் வந்தால் பிள்ளைகள் 'போர் அடிக்குது' என்று மூடிவைப்பார்கள்.

பொருளும் இடிக்கிறது. எங்கள் தாத்தா வீட்டில் வைக்கோல் போர் இருந்தது. யாரும் உச்சியில் ஏறி எடுத்ததில்லை. கைக்கெட்டும் உயரத்தில் பக்கத்திலிருந்து பிடுங்குவார்கள். நாளாக ஆக ஒரு பக்கம் குடைந்து குகைபோல் ஆகிவிடும், நாங்கள் அதற்குள் ஒளிந்து விளையாடுவோம். கடைசியில் வைத்தது முதலில் வரும் என்ற ஒழுங்கு அதில் எங்கே?

*

தஞ்சைக் குடியானவன் எழுதியது:

பிடுங்குவது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மன் பதிப்பில் 'ஷ்டாப்பெல்', பிரெஞ்சில் 'பீல்', ஸ்பானியத்தில் 'பீலா' என்றுதான் போட்டிருக்கிறார்கள். எல்லாம் குவியலைக் குறிக்கும் வீட்டுச் சொற்கள். எதிலும் கடைபுகு முதல்விடு இல்லை. அந்த ஒழுங்கை விதி சொல்லும், சொல் சொல்லவேண்டியதில்லை. 'மீள்' ஒட்டவேண்டும் என்பவர்களுக்கும் இதுவே பதில்.

*

செந்தமிழ்க்கோ எழுதியது:

> அந்த ஒழுங்கை விதி சொல்லும், சொல் சொல்லவேண்டியதில்லை

காரணப்பெயர் என்ற வகையே தமிழில் எதற்கு இருக்கிறது? ஐரோப்பியர் செய்தார் என்பது சான்றாகாது. சப்பானியர் ஆங்கிலச் சொல்லையே தம் எழுத்தில் எழுதிக்கொண்டார். அதையும் பின்பற்றுவோமா?

ஒன்றை மறந்தீர்கள். குறளில் சூது அதிகாரத்தில் 'கவறும் கழகமும் கையும்' என்று வருகிறது. கழகம் என்றால் சூதாடுகளம். நூலகத்தில் இவர்கள் கூடுமிடத்துக்குக் 'கழகம்' என்றே பெயரிடலாம். 'கை' என்றால் கையிலுள்ள சீட்டு என்று இவர்கள் விளையாடுவதற்கும் அங்கே இடமிருக்கிறது.

*

நெடுந்தீவான் எழுதியது:

கழகம் எண்டு பலகை வச்சா எந்தக் கழகம் எண்டு கேட்டுக்கொண்டு வருவினம். குறள்ல அந்த 'கை' ஆடுற கைத்திறன், கையில இருக்கிற காட்டில்லை. அதோட வள்ளுவர் அந்த அதிகாரத்தை வைச்சது விளையாடாதே எண்டு சொல்லத்தான்.

*

மட்டுறுத்துனர்:

சூது, கழகம், ஏடு பற்றிய மடல்களைத் தனித் தலைப்பில் இடுக. கேட்டவருக்கு நாள் நெருங்குகிறது.

*

மீண்டுவந்தவன் எழுதியது:

நன்றி, மட்டுறுத்துனர் ஐயா.

நேற்றிரவு உட்கார்ந்து, வந்த சொற்களைக் கையேட்டில் உள்ளபடியே வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்.

"நிலச் சீட்டு அடுக்கில் ஏறாது. வைத்தவுடன் களத்துக்கு வந்துவிடும்." படிக்க முடிகிறது.

"நிலச் சீட்டு போரில் ஏறாது." நிலம் ஏன் போருக்குப் போகவேண்டும் என்று என் மனைவி கேட்டாள்.

"நிலச் சீட்டு மீளடுக்கத்தில் ஏறாது." இதற்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

இன்னும் சிக்கலான இடம் ஒன்று உண்டு. இருவருடைய சீட்டுகளும் ஒரே நேரத்தில் 'இது நடந்தால் அது நடக்கும்' என்று தூண்டப்பட்டால், யாருடைய முறையோ அவருடையது முதலில் ஏறும், மற்றவருடையது அதன்மேல் ஏறும். ஆகவே மற்றவருடையது முதலில் நடக்கும். பழைய ஆட்டக்காரர் பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், தன் முறையென்றால் தனக்கே முதல் வாய்ப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். இதை விளக்க 'ஏறு', 'மேல்' இரண்டும் இயல்பாக ஒட்டுகிற சொல் வேண்டும். அடுக்கு ஒட்டுகிறது. நெடுந்தீவு அண்ணா சொன்ன 'பதில்' பக்கம் முழுக்க வருகிறது. ஆனால் பதில் போய் உட்கார ஓர் இடம் வேண்டுமே.

நடந்துமுடிவதை 'நிறைவேறும்' என்று எழுதியிருந்தேன், 'அடுக்கில் ஏறியது நிறைவேறியது' என்று ஏறிக்கொண்டே போனது. 'பலிக்கும்' என்று மாற்றிவிட்டேன். மந்திரம்தானே, பலிக்கட்டும்.

*

கணிப்பொறி ஆசிரியை எழுதியது:

'பலிக்கும்' அருமை. அடுக்குக்கு என் வாக்கு, மறுபடியும்.

*

நெடுந்தீவான் எழுதியது:

அடுக்கு. பலிக்கிறது நல்லாயிருக்கு. அப்ப மந்திரத்தைச் செல்லாமல் ஆக்கிற காட்டுக்கு 'முறிப்பு' எண்டு போடுங்கோ. சூனியம் முறிக்கிறதெண்டு ஊரில ஆருக்கும் தெரியும்.

*

தஞ்சைக் குடியானவன் எழுதியது:

முறிப்பு என்றால் மந்திரத்தைச் 'செய்வினை' என்றே சொல்லிவிடலாம், செந்தமிழ்க்கோ ஐயா செயப்பாட்டுவினையைக் கூட்டிக்கொண்டு வருவார். அறுவடை நேரம், இனி மல்லுக்கட்டத் தெம்பில்லை. அடுக்கு என்றே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 'களம்' என்று தனியே எழுதுங்கள், 'போர்க்களம்' வேண்டாம். அந்த ஒரு சொல்லிலாவது நெல் இருக்கட்டும்.

*

மீண்டுவந்தவன் எழுதியது:

களம் என்றே போட்டாயிற்று. முறிப்பும் ஏற்றேன். மூன்றாம் பக்கம் அச்சகத்துக்குப் போய்விட்டது. நன்றி.

ஐந்தாம் பக்கத்தில் இன்னொன்று நிற்கிறது. டோக்கன். சீட்டுக்கட்டில் இல்லாத, மந்திரத்தால் உண்டாகும் போலிச் சீட்டு. களத்தை விட்டுப் போனால் இல்லாமலே போய்விடும்.

*

செந்தமிழ்க்கோ எழுதியது:

அடுக்கு என்பதற்கு என் உடன்பாடின்மையைப் பதிவு செய்க. கையேட்டின் அடுத்த பதிப்பில் மீளடுக்கம் அடைப்புக்குள்ளாவது வரவேண்டும்.

டோக்கனுக்கு 'வில்லை'.

*

நெடுந்தீவான் எழுதியது:

வில்லை எண்டா மருந்துக் குளிசை, ஐயா.