புதுப்பிப்பு: பாப்பாவின் இடது கால் சரியாக விரியவில்லை என்று கேட்டிருந்தேனே

டயபர் மாற்றும்போது மகளின் இடது கால் வலது அளவுக்கு விரியவில்லை, தொடை மடிப்புகளும் ஒரே மாதிரி இல்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

உதவியது ஒரு அக்கா சொன்னதுதான்: மடிப்பை விடு, இடுப்பு நன்றாக உள்ள குழந்தைகளுக்கும் அது ஒரே மாதிரி இருக்காது, மல்லாக்கப் படுக்கவைத்து முட்டியை மடக்கிப் பாதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இடது முட்டி வலதைவிடத் தாழ்ந்து தெரிந்தது, அதனால் டாக்டரிடம் போனோம். ஜெயநகரில் குழந்தைகள் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே வேண்டாம், அல்ட்ராசவுண்ட் போதும் என்றார். முதல் சில மாதங்களில் தொடை எலும்பின் தலை குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியாதாம். அந்தத் தலை உட்காரும் இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தது.

தோளிலிருந்து கால்களைத் தாங்கிப் பிடிக்கும் பாவ்லிக் பட்டை போட்டார்கள், கிட்டத்தட்ட நாள் முழுக்க, கால் தவளை மாதிரி மடங்கி விரிந்தபடி. பட்டை உராயாமல் இருக்க உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை, முட்டி வரை சாக்ஸ். நாமாக இறுக்கவே கூடாது, அதிகம் விரிந்தால் எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் கெடும் என்று எச்சரித்தார்.

எதிர்பாராதது: பாப்பாவுக்கு வலியே இல்லை. அப்புறம் டாக்டரின் முதல் கேள்வி, என் வயிற்றில் பாப்பாவின் தலை மேலே இருந்ததா என்பது. ஆமாம், கடைசிவரை அப்படித்தான். அப்படி இருந்த குழந்தைக்குக் கால் நன்றாக விரிந்தாலும் ஆறு வாரம் வாக்கில் ஸ்கேன் எடுப்பது நல்லதாம். காலை நீட்டி இறுக்கித் துணி சுற்றுவதையும் நிறுத்தச் சொன்னார், என் அம்மாவுக்குத்தான் கோபம்.

இப்போது மூட்டு கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது. பட்டை இரவில் மட்டும்.